கட்டைப் பிரிப்பதற்கு முன்: பச்சிளங்குழந்தையின் பிக் லைன் டிரஸ்ஸிங்

பெரியவர்களின் ஐ.சி.யு.விலிருந்து பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வுக்கு மாறி வரும் நர்ஸ்கள் ஒரு கணக்கைக் கையோடு கொண்டுவருவார்கள். லைன் நுழையும் துளைக்கு மேல் ஒட்டும் ஒளி ஊடுருவும் பிலிம், அதாவது டிரான்ஸ்பரன்ட் டிரஸ்ஸிங் என்றால் 7 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், காஸ் துணி வைத்துக் கட்டியது என்றால் 2 நாளுக்கு ஒருமுறை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது: குழந்தைகளுக்கு டிரஸ்ஸிங் மாற்றும்போது கேதட்டர் (ரத்தக்குழாய்க்குள் விட்ட மெல்லிய குழாய்) நகர்ந்துவிடும் ஆபத்து, மாற்றுவதால் வரும் நன்மையைவிடப் பெரிதாக இருக்கலாம், அப்போது 7 நாள் கணக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. முதல் பாதி சுவரில் ஒட்டிய சார்ட்டில் ஏறிவிடுகிறது. இரண்டாம் பாதி விட்டுப்போகிறது. 900 கிராம் குழந்தைக்கு அந்த விட்டுப்போன பாதிதான் முக்கியம்.

காரணம் அளவுகளிலேயே இருக்கிறது. பிக் லைன் என்பது கை அல்லது கால் வெயின் வழியே இதயத்துக்கு அருகே வரை செலுத்தும் கேதட்டர். மிகச் சிறிய குழந்தைகளுக்குப் போடுவது 1 ஃபிரெஞ்ச், அதாவது வெளி விட்டம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. தையல்நூலை நினைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தையல் போட்டு நிறுத்துவதில்லை. உள்ளே போனது 12 செ.மீ. என்றால் மீதி வெளியே சுருண்டு கிடக்கும். அந்த நூலை இடத்தில் பிடித்துவைத்திருப்பது மேலே ஒட்டிய பிலிம் மட்டுமே. பெரியவருக்கு 1 செ.மீ. நகர்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்தக் குழந்தைக்கு அதே 1 செ.மீ. நுனியைப் பெருஞ்சிரையிலிருந்து இதய அறைக்குள் கொண்டுபோய்விடும், அல்லது தோள்பட்டை அருகே இருக்கும் சின்ன வெயினுக்கு இழுத்துவந்துவிடும். முதலாவது நடந்தால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து இதயம் துடிக்க இடமில்லாமல் போகலாம். இரண்டாவது நடந்தால் டி.பி.என்., அதாவது ரத்தக்குழாய் வழியே தரும் ஊட்டத் திரவம், திசுவுக்குள் கசியலாம். ஆகவே டிரஸ்ஸிங் மாற்றும் அந்த இருபது நிமிடம், லைனின் வாழ்நாளில் மிக ஆபத்தான நேரங்களில் ஒன்று. அவசியமில்லாமல் அதற்குள் இறங்கக் கூடாது.

அடுத்தது தோல். பெரியவர்களின் தோலுக்கு மேலடுக்கில் 10 முதல் 20 வரிசை உயிரற்ற செல்கள் காப்பாக இருக்கும். 30 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு 2, 3 வரிசைதான். 23, 24 வாரத்தில் அதுவும் அநேகமாக இல்லை. இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மேல்தோலையும் உள்தோலையும் பிணைக்கும் நுண்ணிழைகள் இந்தக் குழந்தைகளுக்குக் குறைவு, இடைவெளியும் அதிகம். பிலிமின் பசை மேல்தோலைப் பிடிக்கும் பிடி, மேல்தோல் உள்தோலைப் பிடிக்கும் பிடியைவிட வலுவாக இருந்துவிடுகிறது. வெடுக்கென்று இழுத்தால் பிலிமோடு தோலும் வரும். உரிந்த அந்த இடம் கிருமிக்குத் திறந்த கதவு. தொற்று வராமல் இருக்க டிரஸ்ஸிங் மாற்றப் போய், தொற்றுக்கு நாமே வழி திறந்துவிட்ட கதையாகும்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? பிலிமுக்கு அடியில் ஈரம் இருந்தால். பிலிம் தூக்கிக்கொண்டு, அந்தப் பிளவு கேதட்டர் நுழையும் துளை வரை போயிருந்தால். ரத்தம் தேங்கிக் கசகசவென்று இருந்தால். அடியில் அழுக்கோ சீழோ சிவப்போ தெரிந்தால். துளையைக் கண்ணால் பார்க்க முடியாமல் போயிருந்தால். லைன் போட்ட அன்று ரத்தக் கசிவுக்காகச் சின்னக் காஸ் துண்டு வைத்திருந்தால், கசிவு நின்றதும் 48 மணி நேரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் காஸ் துளையை மறைக்கிறது, ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. துளையில் ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட் திசுப் பசை வைக்கும் பழக்கம் உள்ள யூனிட்களில் இந்த முதல் மாற்றம் பல சமயம் தேவைப்படுவதே இல்லை, கசிவு அங்கேயே நின்றுவிடும். உலர்ந்துபோன ஒரு பழைய ரத்தப் புள்ளி மட்டும் தெரிகிறது, நாலு ஓரமும் ஒட்டியிருக்கிறது என்றால் கை வைக்காமல் விடலாம் என்பதே என் கருத்து. ஒரு மூலை மட்டும் லேசாக எழும்பி, துளையும் சுருளும் மூடியே இருந்தால், அதைக் குறித்துவைத்து ஸ்டெரைல் ஸ்ட்ரிப் ஒன்றால் நிறுத்திக் கண்காணிக்கலாம். பிளாஸ்டர் மேல் பிளாஸ்டராக ஒட்டிக்கொண்டே போவது மட்டும் வேண்டாம். அடியில் நடப்பது தெரியாது. பிரிக்கும் நாளில் இரண்டு மடங்கு தோல் போகும்.

டிரஸ்ஸிங் ஈரமாக இருந்தால் மாற்றுவதற்கு முன் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹப் (கேதட்டரின் வெளிமுனை இணைப்பு) தளர்ந்திருக்கலாம். கேதட்டரில் விரிசல் இருக்கலாம். துளையிலிருந்து நிணநீர் கசியலாம். நுனி அடைத்துக்கொண்டு, உள்ளே போன திரவம் கேதட்டரின் வெளிச்சுவரை ஒட்டியே திரும்பி வரலாம். பிசுபிசுப்பாகவோ பால் நிறமாகவோ இருந்தால் அது டி.பி.என். அல்லது லிப்பிட் (கொழுப்புத் திரவம்). அப்போது பிரச்சினை டிரஸ்ஸிங்கில் இல்லை, லைனில். பம்ப்பை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். புது பிலிம் ஒட்டி மூடினால் அடுத்த ஷிஃப்டில் கை வீங்கியிருக்கும்.

இன்குபேட்டர் ஈரப்பதமும் ஒரு காரணம். 28 வாரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு முதல் வாரம் 70 முதல் 85 சதவீதம் வரை ஈரப்பதம் வைப்போம். அந்தக் காற்றில் தோல் உலரவே உலராது, ஈரத் தோலில் பிலிம் ஒட்டாது. லைன் போடும்போதும் மாற்றும்போதும் இன்குபேட்டரில் கை விடும் துளையான போர்ட்ஹோல் திறந்திருப்பதால் ஈரப்பதம் தானாகவே குறையும். அந்தச் சில நிமிடத்தைப் பயன்படுத்தித் தோலை நன்றாக உலரவிட்டு ஒட்டி, பிறகு பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு மணி நேரம் கழித்துக் குழந்தையின் சூடு இறங்கியிருக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் இரண்டு பேர் வேண்டும். தனியாகச் செய்யக் கூடாது. ஒருவர் குழந்தையின் கையையும் கேதட்டரையும் பிடிப்பவர், அவருக்கும் ஸ்டெரைல் கிளவுஸ். மற்றவர் வேலை செய்பவர். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், இருவருக்கும். ட்ரேயில் இருக்க வேண்டியவை: ஆன்டிசெப்டிக், ஸ்டெரைல் வாட்டர் அல்லது நார்மல் சலைன், சின்னக் காஸ், பஞ்சுக் குச்சிகள், ஸ்டெரைல் ஸ்ட்ரிப், பிலிம், அளவு நாடா. 1 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 4.4 செ.மீ. சதுர பிலிம் போதும்; 6-க்கு 7 செ.மீ. பிலிமைக் கையில் வைத்தால் சுற்றி வந்து இரு ஓரமும் சந்தித்துவிடும். ட்ரேயில் இருக்கக் கூடாத ஒன்றும் உண்டு: கத்தரிக்கோல். பிளேடும்தான். பிலிமுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் கேதட்டர் கண்ணுக்குத் தெரிவது போலவே இருக்கும், ஆனால் வெட்டும் நொடியில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாது. வெட்டுப்பட்ட துண்டு ரத்த ஓட்டத்தில் போனால் அதன் பின் நடப்பது வேறு கதை.

ஆரம்பிக்கும் முன் வெளியே தெரியும் கேதட்டரின் நீளத்தை அளந்து, லைன் போட்ட அன்று எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். குழந்தையைத் துணியில் சுற்றி, லைன் இருக்கும் கையை மட்டும் வெளியே விடுங்கள். 2 நிமிடம் முன்பே நாக்கின் நுனியில் 24 சதவீத சுக்ரோஸ் 0.1 முதல் 0.5 மி.லி., சொட்டுச் சொட்டாக. அது இல்லாத இடத்தில் தாய்ப்பால். இது ஊசி குத்தும் வேலை இல்லையே என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. பசை பிரிவது வலிக்கும். வலித்தால் குழந்தை கையை உதறும், உதறினால் லைன் நகரும்.

பிரிப்பதில் திசை முக்கியம். ஹப் பக்கத்திலிருந்து தொடங்கி, கேதட்டர் உள்ளே போகும் திசையிலேயே துளையை நோக்கிப் போக வேண்டும். எதிர்த் திசையில் பிரித்தால் பிலிமோடு கேதட்டரும் வெளியே வரும். ஸ்டெரைல் வாட்டரில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஈரமாக்கி, மூலையைத் தூக்கி, மேல்நோக்கி இழுக்காமல் தோலோடு தோலாகப் படுக்கை வாட்டில் நீட்டினால் பசை தானே விட்டுக்கொடுக்கும். மறுகையின் விரல் அடியில் இருக்கும் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். சிலிக்கோன் கலந்த ரிமூவர் இருந்தால் நல்லது. ஈதர், அசிட்டோன், டர்பன்டைன் வகை எதுவும் வேண்டாம்: தோல் வழியே உடம்புக்குள் போகும், கேதட்டரையும் கெடுக்கும். டிங்க்சர் பென்சாயினை முன்பு ஒட்டுவதற்குத் துணையாகத் தடவுவார்கள். அது பசையின் பிடியை இன்னும் இறுக்கி உரிவை அதிகமாக்கும், விட்டுவிடுங்கள். கேதட்டரை நிறுத்தியிருக்கும் ஸ்ட்ரிப்பைக் கடைசியில், துணைக்கு இருப்பவர் விரலால் கேதட்டரைப் பிடித்த பிறகே எடுக்க வேண்டும்.

பழையதை எடுத்ததும் கிளவுஸைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புது ஸ்டெரைல் கிளவுஸ் போட வேண்டும். அவசரத்தில் விடுபடும் படி இதுதான்.

ஆன்டிசெப்டிக்கில் எல்லா யூனிட்டும் ஒத்துப்போவதில்லை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. 2 சதவீத குளோர்ஹெக்சிடின், 70 சதவீத ஆல்கஹாலோடு சேர்ந்தது, பெரியவர்களுக்கு முதல் தேர்வு. மிகவும் குறைமாதக் குழந்தைக்கு அது தோலைச் சுட்டுவிடலாம். 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்துகளின் லேபிளில், குறைமாதக் குழந்தைகளுக்கும் 2 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கும் எரிச்சலும் ரசாயனத் தீக்காயமும் வரலாம், கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதச் சொன்னது. பொவிடோன் அயோடின் அப்படிச் சுடாது, ஆனால் மெல்லிய தோல் வழியே அயோடின் உள்ளே போய்த் தைராய்டை அடக்கலாம். இரண்டில் எது என்பதை யூனிட்டின் நெறிமுறை முடிவு செய்யட்டும். எதுவானாலும் செய்ய வேண்டியவை ஒன்றுதான். வழியும் அளவுக்கு நனைக்காதீர்கள், பிழிந்த ஒரு சின்னக் காஸ் போதும். குளோர்ஹெக்சிடின் என்றால் 30 விநாடியாவது, அயோடின் என்றால் 2 நிமிடமாவது தானாக உலரட்டும்; ஊதவோ விசிறவோ வேண்டாம். உலர்ந்ததும் ஸ்டெரைல் வாட்டரால் துடைத்தெடுங்கள், அந்த ஈரமும் உலரட்டும். தீக்காயம் பெரும்பாலும் துடைத்த இடத்தில் வருவதில்லை. வழிந்தோடி அக்குளிலும் முதுகுக்கு அடியிலும் தேங்கிய இடத்தில் வருகிறது. ஆகவே அடியில் விரித்த துணி நனைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். கட்டில் தலைமாட்டில் இருக்கும் ஹேண்ட் ரப்பிலும் குளோர்ஹெக்சிடின் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடக் கூடாது. தொப்புள் கொடியில் தடவ வரும் 7.1 சதவீத மருந்தும் இதற்கானது இல்லை.

துளையைச் சுற்றி ஆன்டிபயாடிக் களிம்பு வேண்டாம்; பூஞ்சைக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிக்கும் அது இடம் கொடுக்கும். குளோர்ஹெக்சிடின் ஊறிய வட்டப் பட்டையைக் குறைமாதக் குழந்தைக்கு வைக்கக் கூடாது என்று சி.டி.சி. 2017-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தோல் புண்ணாகும்.

இனி ஒட்டுவது. கேதட்டரின் மீதியை அகலமான, ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வளைவாக வையுங்கள். கூர்மையாக மடங்கினால் பம்ப் அடிக்கடி அலாரம் அடிக்கும், கடைசியில் மடிந்த இடத்தில் விரிசல் விடும். துளைக்கு 1 செ.மீ. தள்ளி, வளைவின் மேல் ஒரு ஸ்ட்ரிப். துளையின் மேல் ஸ்ட்ரிப் வரக் கூடாது, அது எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஹப் தோலில் அழுந்தும் இடத்தில் ஒரு மெல்லிய ஹைட்ரோகாலாய்ட் (தோலைக் காக்கும் ஜெல் பட்டை) துண்டு. இல்லையென்றால் ஹப்பின் அச்சு தோலில் புண்ணாகப் பதியும். பிறகு பிலிம், துளை நடுவில் வரும்படி. இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். இழுத்து ஒட்டிய பிலிம் சுருங்கும்போது தோலை இழுக்கும், அதில் கொப்புளம் வரும். ஒட்டி, விரலை வைத்து அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். கையைச் சுற்றி முழு வட்டமாகப் பிலிமோ பிளாஸ்டரோ வரவே கூடாது. குழந்தைக்கு நீர் கோத்துக் கை வீங்கினால் அது ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகெட்டாக மாறிவிடும். தேதி, நேரம், வெளி நீளம் மூன்றையும் தனி லேபிளில் எழுதி ஓரத்தில் ஒட்டுங்கள், பிலிமின் மேல் பேனாவால் எழுத வேண்டாம்.

எக்ஸ்ரே எடுக்கும்போது கை எப்படி இருந்தது என்பதையும் எழுதிவைப்பது நல்லது. கையின் உள்பக்கம் ஓடும் பேசிலிக் வெயின் வழியே போட்ட லைன், கையை உடம்போடு சேர்த்தால் இதயத்தை நோக்கி நகரும். முழங்கையை மடக்கினாலும் அப்படியே. கையை விரித்து எடுத்த படத்தைப் பார்த்து நுனி சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகி, பிறகு கையை மடக்கித் துணியில் சுற்றிவிட்டால் நுனி இருக்கும் இடம் வேறாகிவிடும்.

டிரஸ்ஸிங் ஒட்டி முடிந்த பிறகு பராமரிப்பு என்பது பெரும்பாலும் பார்ப்பதுதான். மணிக்கு ஒருமுறை. தொட்டுப் பார்க்க வேண்டும், மென்மையாக இருக்கிறதா, கல்லாக இருக்கிறதா என்று. கண்ணால் பார்க்க வேண்டும், துளை, வெயினின் பாதை முழுவதும், நுனி இருக்கும் இடம் வரை. மறுகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். துணிக்கு அடியில் கையை விட்டுத் தடவிவிட்டு 'சரி' என்று டிக் போடுவது பார்த்ததாகாது. கையில் போட்ட லைனுக்குக் கழுத்தும் மார்பும் தோளும், காலில் போட்டதற்குத் தொடை இடுக்கும் வயிறும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சில நாளில் வெயினின் மேல் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தால் அது பல சமயம் கேதட்டர் உரசியதால் வந்தது. கையைச் சற்று உயர்த்தி வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது கயிறு போல் கெட்டியானாலோ, சீழ் தெரிந்தாலோ லைன் போக வேண்டியதுதான். நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று இதயத் துடிப்பு குறைந்து, நிறம் வெளுத்து, ரத்த அழுத்தம் சரிந்தால், மூச்சுக்குழாயைச் சரிபார்க்கும் அதே நேரத்தில் லைனையும் நினைக்க வேண்டும். உடனே இன்ஃபியூஷனை நிறுத்துங்கள். இதயத்தைச் சுற்றி டி.பி.என். தேங்கியிருந்தால் நிமிடங்கள்தான் இருக்கும்.

டிரஸ்ஸிங் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஹப் வழியாகக் கிருமி போகும். நாள்கள் கூடக் கூட அதுதான் முக்கியமான வழி. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில் பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் முன்னணியில் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. ஈரமான சிங்க்கிலும் நம் கையிலும் வாழும் கிருமிகள் இவை. ஹப்பை ஒவ்வொரு முறை திறக்கும் முன்பும் 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, உலரவிட வேண்டும். லிப்பிட் ஓடும் குழாய் செட் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, மற்றவை 96 மணி நேரத்துக்கு முன் தேவையில்லாமல் மாற்ற வேண்டாம். திறக்கும் எண்ணிக்கையைக் குறைப்பது எந்த மருந்தையும்விட மலிவான தடுப்பு. லைனை அலசி ஃபிளஷ் செய்ய 10 மி.லி. சிரிஞ்சுக்குக் குறைந்தது வேண்டாம். கட்டைவிரல் கொடுக்கும் அதே பலம் 2 மி.லி. சிரிஞ்சில் பல மடங்கு அழுத்தமாக மாறிக் கேதட்டரைப் பிளக்கும். 1 ஃபிரெஞ்ச் லைனில் ரத்தம் எடுப்பதும் ஏற்றுவதும் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

தொப்புள் வெயின் லைனுக்கு இந்தப் பிலிம் கணக்கு எதுவும் பொருந்தாது. கொடி ஈரமாகவும் கிருமியோடும் இருக்கும், மூடினால் இன்னும் பெருகும். அதைத் திறந்தே விட்டு, வயிற்றில் ஹைட்ரோகாலாய்டை அடித்தளமாக ஒட்டி, அதன் மேல் பாலம் போல் பிளாஸ்டர் நிறுத்திக் கேதட்டரைப் பிடிப்பதுதான் வழக்கம். கொடி நாளுக்கு நாள் காய்ந்து சுருங்கும். லைன் போட்ட அன்று கொடியில் இறுக்கமாகக் கட்டிய நூல் மூன்றாம் நாள் தளர்ந்திருக்கும், நுனியும் இடம் மாறியிருக்கும். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை கொடி மட்டத்தில் எத்தனையாவது செ.மீ. கோடு நிற்கிறது என்று படித்து எழுதுங்கள். டயப்பரைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள், குப்புறப் படுக்கவைக்காதீர்கள். இணைப்பு கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: 800 கிராம் குழந்தையின் மொத்த ரத்தம் 70 மி.லி. அளவுதான். 7 மி.லி. போனாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

பிக் லைன் இருந்தாலும் குழந்தையை அம்மாவின் மார்போடு தோல் படும்படி அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பு தரலாம், தர வேண்டும். குழந்தையைத் தூக்கும் முன் லைனில் ஒரு தளர்வான வளையம் விட்டு, அதை அம்மாவின் சட்டையில் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். இழுபட்டால் அந்த வளையம் முதலில் நிமிரும், துளைக்குப் போகாது. 'அம்மா, இங்கே ஈரத்தைப் பார்த்தாலோ கை வீங்கினாலோ எங்களை உடனே கூப்பிடுங்க' என்று இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். பல சமயம் வீக்கத்தை முதலில் கண்டுபிடிப்பதும் அவர்தான்.

தினமும் ரவுண்ட்ஸில், இந்த லைன் இன்றைக்கும் வேண்டுமா என்று நர்ஸே கேட்க வேண்டும். பால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 120 மி.லி.யை எட்டியதும் பெரும்பாலான யூனிட்களில் எடுத்துவிடுவார்கள். எடுக்கும்போதும் பிலிமை அதே மெதுவோடு பிரித்து, துளைக்கு அருகில் கேதட்டரைப் பிடித்து ஒவ்வொரு செ.மீ.யாக இழுங்கள். தடை தெரிந்தால் நிறுத்துங்கள், சற்று நேரம் விட்டுத் திரும்ப முயலுங்கள். பலமாக இழுத்தால் அறுந்துபோகும். வெளியே வந்ததும் துளையை ஸ்டெரைல் காஸால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்த நீளத்தை அளந்து, போட்ட அன்று எழுதிய நீளத்தோடு சரிபார்த்து, நுனி முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே கேதட்டரைக் குப்பையில் போடுங்கள்.